கட்டிக்கு அவசரப்படாதீர்கள், கறையை மறைக்காதீர்கள்



இதை எழுதலாமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். "எழுதுடி, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அக்காவே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு 59 வயதில், வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் 3 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. மாதவிலக்கு நின்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. "இந்த வயசுல கர்ப்பப்பை எதுக்கு? இந்த வாரமே எடுத்துடலாம்" என்றார்கள் ஒரு மருத்துவமனையில். நானும் தலையாட்டிவிட்டேன். மகள்தான் பிடிவாதமாக இன்னொரு மகளிர் மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

அந்த டாக்டரம்மா மூன்று கேள்விகள் கேட்டார். ரத்தம் படுகிறதா? அடிவயிறு கனத்து, அடிக்கடி சிறுநீர் வருகிறதா? பழைய ஸ்கேனைவிடக் கட்டி வளர்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்படியானா அதை விட்டுடுங்க டீச்சர்" என்றார். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே வளரும் சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல. அதை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிலக்கு நின்றதும் அது குறைந்துவிடும், கட்டியும் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆறு மாதம் கழித்து எனக்கு 2.5 சென்டிமீட்டர்தான் இருந்தது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் "கட்டி தானா கரைஞ்சிடும், பயப்படாதே" என்று பாடம் நடத்தினேன். பாதிப் பாடம்!

அக்காவுக்கு 66 வயது. போன வருஷம் உள்பாவாடையில் அவ்வப்போது லேசாகக் கறை பட்டிருக்கிறது. "தங்கச்சிக்கு இருக்கிற மாதிரி கட்டியாத்தான் இருக்கும்" என்று நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சோதித்தால், கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். நல்லவேளை, ஆரம்ப நிலை. ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நான்கு மாதம் என் வாயால் வந்தது.

என் கருத்து இதுதான். நம் ஊரில் இரண்டு தவறும் நடக்கிறது. தொந்தரவே இல்லாத கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறோம். சொல்லியே ஆக வேண்டிய ரத்தக்கறையை வெட்கப்பட்டு மறைக்கிறோம்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். ஆனால் சுமார் பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கலாம். ஸ்கேனில் உள்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். அதேபோல், இந்த வயதில் கட்டி வளர்ந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. ஹார்மோன் மாத்திரையோ, மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரையோ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். டாக்டர் விளக்கிச் சொல்லும் காரணம் இருந்தால் ஆபரேஷனுக்கும் பயப்பட வேண்டாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

என்னிடம் படித்த பையன்களே, "இது பொம்பளைங்க விஷயம்" என்று தள்ளிப் போகாதீர்கள். அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மனைவியையோ அக்கா தங்கையையோ கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்கே கேளுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்