குற்றம் காலில் இல்லை

காரின் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துபோனால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் சந்தேகிக்கப்படுவது கார் அல்ல, அதை ஓட்டுபவர். ஓட்டுபவர் பெண்ணாக இருந்துவிட்டால் விசாரணைகூடக் கிடையாது, நேராகத் தீர்ப்புதான். "கிளட்ச் மேல கால வெச்சிக்கிட்டே ஓட்டறீங்க மேடம்." என் அக்கா மகளுக்கு இந்தத் தீர்ப்பு இரண்டு முறை வழங்கப்பட்டது. முதல் முறை அபராதத்தைக் கட்டிவிட்டாள். இரண்டாவது முறை அப்பீல் செய்தாள்.

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே இருக்கை, கையால் கியர் மாற்றும் வண்டி. அவளுக்கும் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "ரெண்டு பேர்தான் உட்காரலாம்னா அது என்னடி காரு?" என்று அக்கா கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினாள். அவ்வளவுதான்.

வாங்கியபோதே கிளட்ச் ஓய்ந்திருந்தது. புது பிளேட் போட்டார்கள். பெடலுக்கு முன்னாலிருந்த மாஸ்டர் சிலிண்டர் கசிந்ததால் அதையும் மாற்றினார்கள். அந்தப் பிளேட் 7,000 கிலோமீட்டரில் தீர்ந்தது. அடுத்தது 5,000-ஐத் தாண்டுவதற்குள் நழுவ ஆரம்பித்தது. ஒழுங்காக ஓட்டினால் ஒரு கிளட்ச் 60,000 கிலோமீட்டருக்கு மேல்கூட உழைக்கும் என்பதால் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "மாமா, நிஜமாவே எனக்கு ஓட்டத் தெரியலையோ?" என்று ஒருநாள் போனில் கேட்டாள். கிளட்சுக்கு ஆன செலவைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்தியது. பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிறவள் அவள்.

அப்பீல் நடந்த இடம் கோலார் தங்கவயல். அங்கேதான் அக்கா வீடு. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபிறகு, அந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஒரு கார் ரிப்பேருக்காக பெங்களூரிலிருந்து தங்கவயலுக்கு எதிர்த்திசையில் போகிறோமே என்று யாரும் சிரிக்கலாம். ஆனால் அந்த ஊரில் தங்கம் தீர்ந்த பிறகும் இயந்திரம் தெரிந்தவர்கள் தீரவில்லை. 1964-ல் உருவான பாரத் எர்த் மூவர்ஸ், ஊர்க்காரர்கள் வாயில் 'பெமல்', மண் தள்ளும் பெரிய பெரிய டோசர்களை அங்கேதான் செய்கிறது. அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அங்கிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நீதிபதி அவர்தான்.

வழக்குக்கு முன்னால் கிளட்சைப் பற்றிக் கொஞ்சம். இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடுகிறது, காலை எடுத்தால் பிடித்துக்கொள்கிறது. முழுதாகப் பிடித்திருக்கும்போது தேய்மானம் இல்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் இல்லை. பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற அரைகுறை நிலையில்தான் பிளேட் உரசிச் சூடாகித் தேய்கிறது. ஆகவே சீக்கிரம் தேய்ந்த கிளட்சைப் பார்த்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த அரைகுறை நிலையில் அதை இத்தனை நேரம் வைத்திருந்தது யார்?

காலாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்களும், பெடலைக் கால்மனையாக நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் கால் ஒன்றுதான் காரணம் என்று யார் சொன்னது?

பெரியவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேள்விகள்தான். "எப்ப ஸ்லிப் ஆகுதும்மா? காலையில எடுத்த உடனேயா, ஓடி சூடான பிறகா?" சூடான பிறகுதான் என்றாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு மேம்பாலத்தில் ஏறினால் இன்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது. ராத்திரி நிறுத்தி வைத்தால் மறுநாள் காலையில் மறுபடி சரியாகிவிடும். "இத ஒர்க்‌ஷாப்ல சொன்னியா?" "யாரும் கேக்கல தாத்தா."

அடுத்து, "கழட்டின பிளேட் எங்க?" என்றார். நல்லவேளை, டிக்கியில் ஒரு சாக்குப்பையில் வைத்திருந்தாள். நம்மில் பெரும்பாலோர் அதைப் பழைய இரும்புக்குப் போகவிட்டுவிடுகிறோம். தேய்ந்த பிளேட் ஒரு சாட்சி. எண்ணெய் படிந்து கருப்பாக மின்னினால், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது. அதை மாற்றாமல் எத்தனை பிளேட் போட்டாலும் நழுவும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஃப்ளைவீலின் முகத்தைப் பார்க்கவேண்டும். அது வரிவரியாகக் கீறியோ சூட்டில் நீலம் பாரித்தோ இருந்தால், லேத்தில் கொடுத்துச் சமன்செய்யாமல் புது பிளேட் போடுவது வீண். நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் வண்டி கிளம்பும்போதே குலுக்கும். இந்தப் பிளேட்டில் எண்ணெய் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து கருகியிருந்தது. "பிடி பத்தல. கால் விடலைன்னாலும் இப்படித்தான் ஆகும், வேற ஏதாவது விடலைன்னாலும் இப்படித்தான் ஆகும்" என்றார்.

பிறகு அவளையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இடமில்லாததால் நான் திண்ணையில் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார்கள். மெதுவாகப் போகும்போது நாலாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொன்னாராம். கிளம்பியபோது செய்த சோதனையில் வண்டி முக்கி முக்கி வேகம் பிடித்தது. சூடான பிறகு செய்தபோது இன்ஜின் முள் துள்ளியது, வேகமுள் அசையவில்லை. வழி முழுக்க அவர் பார்த்துக்கொண்டு வந்தது சாலையை அல்ல, அவளுடைய இடது காலை. கியர் மாற்றும்போது தவிர அது பெடல் பக்கமே போகவில்லை.

வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார். அந்த வண்டியில் கிளட்ச் கேபிளால் இயங்குவதில்லை, பிரேக் போல எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், கீழே கியர்பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். அவர் குனிந்து ஸ்லேவ் சிலிண்டரிலிருந்த காற்று நீக்கும் நிப்பிளை ஒரு அரைச் சுற்று திருப்பினார். சூடான எண்ணெய் பீய்ச்சி அடித்தது. அடித்து நின்றது. நிப்பிளை மூடிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாரு" என்றார். நழுவல் காணோம்.

காருக்குள் யாரும் இல்லை. பெடலில் யார் காலும் இல்லை. ஆனாலும் உள்ளே அழுத்தம் இருந்தது. காலில்லாமலே கிளட்சை யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த யாரோ, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் சிறிய புஷ் ராடு. காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவேண்டும். அப்போதுதான் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை திறந்து, எண்ணெய் மேலேயுள்ள கிண்ணத்துக்குத் திரும்ப வழி கிடைக்கும். சிலிண்டரை மாற்றியபோது இந்த ராடைக் கொஞ்சம் நீளமாக வைத்து நட்டை இறுக்கிவிட்டார்கள். பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, ஓட்டை மூடியே இருந்தது. இன்ஜின் சூட்டில் எண்ணெய் விரிந்தபோது வெளியேற வழியில்லாமல் கிளட்சைத் தள்ளியது. ஆறியதும் சுருங்கியது. காலையில் சரியாகிவிடும் மர்மம் இதுதான். பெரியவர் லாக் நட்டைத் தளர்த்தி, ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு மறுபடி இறுக்கினார். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினாலும் இதே கோளாறு வரும் என்று சொல்லி அதையும் மாற்றச் சொன்னார். கருகிப்போன பிளேட்டை எதுவும் செய்ய முடியாது. மூன்றாவது பிளேட் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கதை அல்ல இது. மாருதி 800 போன்ற கேபிள் வண்டிகளிலும் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால் கனம் தெரிவதற்கு முன் சிறிது தூரம் சும்மா போகவேண்டும். பிளேட் தேயத்தேய அந்தத் தளர்ச்சி குறையும். பார்த்துச் சரிசெய்யாவிட்டால் கேபிளே கிளட்சை மிதிக்க ஆரம்பித்துவிடும். பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் 1990-களின் கடைசியில் ரெனோ இன்ஜினோடு கொண்டுவந்த சான் ஸ்டார்ம் இரண்டு இருக்கை வண்டி இன்று தயாரிப்பில் இல்லை. இம்மாதிரி வண்டிகளுக்கு ஒரு பிளேட் தேடுவதே பெரும்பாடு. பழைய பிளேட்டுக்கு லைனிங் அடித்து ஓட்டவேண்டி வரும். காரணம் தெரியாமல் ஒரு பிளேட்டைக் கருக்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

எனவே அடுத்தமுறை உங்கள் வண்டியின் கிளட்ச் போனால் கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். எப்போது நழுவுகிறது என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். ஆயில் சீல், ஃப்ளைவீல், பெடலின் தளர்ச்சி மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்த்த பிறகும் குற்றம் காலில்தான் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாவது பிளேட் இப்போது 20,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவது அதே கால்தான். பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து புஷ் ராடு விஷயத்தைச் சொன்னாளாம். "அப்படியா மேடம்? இருந்தாலும் கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க" என்றார்களாம்.