சைக்கிள் மிதித்தால் சாமி கோபித்துக்கொள்வாரா?

பூசை முடிந்து வெளியே வந்தால் குரும்பலூரில் இப்போது ஒரே பேச்சு. "அந்தப் பையன் கியர் சைக்கிளை எடுத்துக்கிட்டு லாடபுரம் பக்கம் மலைக்கு ஓடிடுறான். படிப்பும் போச்சு, பக்தியும் போச்சு." சொல்பவர்கள் என் வயதுக்காரர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகனின் சைக்கிளைப் பூட்டி, சாவியை என் பெட்டியில் வைத்தவன் நான்தான். பரீட்சை முடியட்டும் என்றேன். மார்க் கூடவில்லை. சைக்கிள் இருந்தவரை விடியற்காலை நாலரைக்கு எழுந்தவன், அதன்பிறகு ஏழு மணிக்கும் எழவில்லை. மாலையெல்லாம் டிவி முன்னால் கிடந்தான். ஞாயிறு பூசைக்கு வருவதும் மெல்ல நின்றுபோனது. ஒருநாள் சாவியை நீட்டினேன். "இருக்கட்டும் பெரியப்பா" என்றான். அந்த 'இருக்கட்டும்' இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நாம் மட்டும் என்ன செய்தோம்? வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, துறையூர் சாலையில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டவர்கள்தானே! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தது. அன்றும் கேலி பேசியவர்கள் உண்டு. அப்புறம் அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. படிப்புக்கு சைக்கிள் எதிரி என்றால் இதெல்லாம் எதற்கு?

சரி, பக்திக்கு வருவோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போனால் பக்தி, பச்சைமலைக்கு மிதித்துப் போனால் ஊர்சுற்றலா?

இத்தாலியில் ஜீனோ பார்த்தாலி என்று ஒருவர் இருந்தார். உறுதியான கத்தோலிக்கர். மலைச்சாலை ஏறுவதில் கெட்டிக்காரர். பிரான்சின் பெரிய சைக்கிள் பந்தயத்தை 1938-லும், பத்து வருடம் கழித்து 1948-லும் வென்றவர். இடையில் 1943, 44-ல் நாஜிகள் யூதர்களை வேட்டையாடினார்கள். பார்த்தாலி போலி அடையாளத் தாள்களைச் சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி ஒளித்து, பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டால் பந்தயப் பயிற்சி என்பார். அதையெல்லாம் அவர் பெரிதாக வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. 2000-ல் இறந்தார். 2013-ல்தான் இஸ்ரேலின் யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. சின்ன வயதில் யாராவது பெரியப்பா அவர் சைக்கிளைப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உடற்பயிற்சியால் கொஞ்சம்தான் பயன் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துக்காட்டுவார்கள். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது விசுவாச வாழ்வுக்கு ஓட்டப் பந்தயத்தைத்தான் உவமையாக எடுத்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஞாயிறு பூசையை விட்டுவிட்டு மலைக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. அங்கே எரிக் லிடெல்தான் எனக்கு உதாரணம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓட மறுத்தார். ஆனால் ஓட்டத்தையே விட்டுவிடவில்லை. 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். அதே மாதம் எடின்பரோவில் பட்டமும் பெற்றார். பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். ஜெபம், படிப்பு, ஓட்டம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. ஞாயிறு ஓடுவதில்லை என்ற முடிவை அவரே எடுத்தார். யாரும் அவர் காலணியை ஒளித்துவைக்கவில்லை.

நாம் பிள்ளைகளிடம் அந்த முடிவை எடுக்கும் பொறுப்பைக் கொடுப்பதே இல்லை. பறிக்கிறோம், பிறகு பக்தி இல்லை என்று குறை சொல்கிறோம்.

உங்கள் பெட்டியிலும் ஒரு சாவி இருந்தால் இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். சனிக்கிழமை காலை அவன் கிளம்பும்போது டயரில் காற்று இருக்கிறதா, ஹெல்மெட் போட்டானா என்று பாருங்கள். ஞாயிறு கோவிலில் அவனுக்கும் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.