ஏழு சாட்சிகளையும் கேட்க வேண்டும்

மே மாதம் பிறந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுக் காலம். அவற்றுள் ஐரோப்பிய வரலாற்றுத் தேர்வு, 1450 வாக்கில் தொடங்கி நம் காலம்வரை வரும் ஒரு கண்டத்தின் கதையை ஒரே கல்வியாண்டில் படிக்கச் சொல்லி, மூன்றேகால் மணி நேரத்தில் எழுதி முடிக்கச் சொல்கிறது. அந்தத் தேர்வின் உயிர்நாடி ஆவண வினா. ஒரு கேள்வியோடு ஏழு ஆவணங்கள் தரப்படும்: ஒரு கடிதம், ஓர் அரசாணை, ஒரு பிரசங்கம், சில நேரம் ஓர் ஓவியம். கால் மணி நேர வாசிப்பையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில், அவற்றைச் சான்றாக வைத்து மாணவர் தன் வாதத்தைக் கட்டுரையாக எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இதற்குத்தான்.

இந்த வினாவைத் திருத்தும் விதிகளை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 2023-24 கல்வியாண்டு முதல் தளர்த்திவிட்டது. ஆவணச் சான்றுக்கு உரிய இரண்டு மதிப்பெண்ணையும் பெற முன்பு ஆறு ஆவணங்களையாவது வாதத்துக்குப் பயன்படுத்த வேண்டும். இப்போது நான்கு போதும். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்தச் சூழலில், என்ன நோக்கத்தில் என்று எடைபோடும் திறனை முன்பு மூன்று ஆவணங்களில் காட்ட வேண்டியிருந்தது. இப்போது இரண்டில் காட்டினால் போதும். இந்தத் தளர்வு தவறு, இது மாற்றப்பட வேண்டும் என்பதே நம் நிலை.

இதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்பவர்கள் 1525ஆம் ஆண்டை எடுத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு மார்ச்சில், தென் ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகளின் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுத்து வடிவம் பெற்றன. எழுதியவர்களாகக் கருதப்படுவோர் இருவர்: உரோமத்தோல் ஆடைத் தொழில் செய்த செபாஸ்டியன் லோட்ஸர், மதபோதகர் கிறிஸ்டோஃப் ஷாப்பெலர். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், காட்டில் விறகும் ஆற்றில் மீனும் எல்லோருக்கும் உரியவை, கிறிஸ்து எல்லோருக்காகவும் இரத்தம் சிந்தியிருக்க நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும் என்று அவை கேட்டன. கடைசிக் கோரிக்கையில் ஒரு வாக்குறுதியும் இருந்தது: இவற்றில் எதுவாவது வேதத்துக்கு முரண் என்று காட்டினால் அதைக் கைவிடுகிறோம். எழுத்தறிவு குறைந்திருந்த ஒரு சமூகத்திலிருந்து இத்தனை தெளிவான குரல் எழுந்து, அச்சேறி, சில வாரங்களில் ஊர் ஊராகப் பரவியது.

மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் அதற்கு முதலில் சொன்ன பதிலில் பிரபுக்களின் பேராசையையும் கண்டித்தார், விவசாயிகளையும் எச்சரித்தார். அடுத்த மாதமே அவர் எழுதிய துண்டுநூலோ, கலகம் செய்யும் விவசாயிகளை வெட்டிச் சாய்க்கும்படி ஆட்சியாளர்களுக்குச் சொன்னது. இடையில் கலகம் துரிங்கியாவரை பரவியிருந்தது, லூதரும் அங்கே போய் அதை நேரில் பார்த்திருந்தார். மே 15 அன்று ஃபிராங்கன்ஹௌசனில் விவசாயிகளின் படை நசுக்கப்பட்டது. அவர்களை வழிநடத்திய தாமஸ் மூன்ட்ஸர் அதே மாதம் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த விவசாயிகள் கலகம் முழுவதிலும் மாண்டவர்கள் ஒரு லட்சம்வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தன் கடுமையை நியாயப்படுத்தி லூதர் அதே ஆண்டு கோடையில் இன்னொரு கடிதமும் வெளியிட்டார்.

ஒரே மனிதர், ஒரே ஆண்டு, மூன்று எழுத்துகள். இவற்றில் ஒன்றை மட்டும் படிக்கும் மாணவருக்கு லூதர் ஏழைகளின் நண்பராகத் தெரிவார், அல்லது பிரபுக்களின் ஏவலராகத் தெரிவார். மூன்றையும் கோரிக்கைகளின் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குத்தான், மத விடுதலை பேசிய ஒருவர் நிலவுடைமையின் முன்னால் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்ற உண்மையான கேள்வி பிறக்கும். சீர்திருத்த இயக்கத்தைப் பற்றிய வினாவில் இப்படி ஏழு ஆவணங்கள் வரும்போது எந்த மூன்றை மாணவர் விடுவார்? பெயர் தெரிந்தவரின் எழுத்தை விடமாட்டார். லோட்ஸரை விடுவார். நேரம் ஓடும் பதற்றத்தில் பதினேழு வயதுப் பிள்ளை பழகிய பெயரைத்தான் பற்றிக்கொள்ளும். அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, விடலாம் என்று சொல்லிக்கொடுத்த விதியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

விடப்படும் குரல்கள் ஐரோப்பாவுக்கு வெளியேயும் உண்டு. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை முடித்துவைத்த 1748ஆம் ஆண்டின் எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சைலீஷியாவோடு முடித்துவிடுகின்றன: பிரஷ்யாவின் ஃபிரடெரிக் பறித்த மாநிலம் அவரிடமே நின்றது, மரியா தெரேசா இழந்தார். ஆனால் அதே உடன்படிக்கையின்படி, நியூ இங்கிலாந்துக் குடியேற்றப் படையினர் பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு 1745இல் பிடித்த வட அமெரிக்கக் கோட்டையான லூயிஸ்பர்க் பிரான்ஸுக்குத் திரும்பிப் போனது. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிடித்த சென்னைப்பட்டணம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அந்த ஜெர்மானிய நகரத்தில் போட்ட கையெழுத்து, மாசசூசெட்ஸ்காரர்களைக் கொதிக்கவைத்தது, சென்னையின் கொடியை மாற்றியது. இன்று பாஸ்டனில் இந்தத் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சொந்தக் கதை.

அந்த ஆண்டுகளைப் புதுச்சேரியில் இருந்து பார்த்து எழுதிய ஒருவர் இருந்தார். அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தன் வாழ்நாளின் இறுதிவரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஆளுநர் என்ன சொன்னார், கப்பல் எப்போது வந்தது, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைப் பற்றிய ஆவண வினாவில் அதிலிருந்து ஒரு பக்கம் இடம்பெற எல்லாத் தகுதியும் உண்டு. இடம்பெற்றாலும் நான்கு போதும் என்ற விதி இருக்கும்வரை, வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரைத்தான் மாணவர் முதலில் தாண்டிப் போவார். ஐரோப்பாவும் உலகமும் என்பதைப் பாடத்திட்டத்தின் ஒரு கருப்பொருளாக அறிவித்துவிட்டு, அந்த உலகின் குரலை விருப்பப்பாடம் போல நடத்துவது முரண்.

தளர்வை ஆதரிப்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு ஆவணங்களையும் தொட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக் கணக்கு முடித்தார்கள். நான்கை ஆழமாகப் படிப்பது மேல் என்கிறார்கள். ஏழு ஆவணங்களையும் திறம்படப் பயன்படுத்துபவருக்குச் சிந்தனை நுட்பத்துக்கான மதிப்பெண்ணை வெல்ல ஒரு வழி திறந்தே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது ஏழு மதிப்பெண்ணில் ஒன்று, அதுவும் பெரும்பாலானோர் எட்டாக்கனி என்று ஒதுக்கும் ஒன்று. ஆழம்தான் நோக்கமென்றால் நேர்மையான வழி வேறு: ஆவணங்களை ஐந்தாகக் குறையுங்கள், ஐந்தையும் பயன்படுத்தச் சொல்லுங்கள், மூன்றை எடைபோடச் சொல்லுங்கள். நேரத்தை அப்படியே விடுங்கள். படிக்க வேண்டியது குறையும், மாணவர் பதில் சொல்லாமல் விட்டுவிட ஒரு குரலும் மிஞ்சாது. வினாத்தாள் தயாரிப்பவருக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் ஏன் வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் வரும்.

ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஐம்பத்தைந்து சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு நாற்பது விழுக்காடு இருக்கிறது. அது இருக்கட்டும். அதைக் கைவேகத்தாலும் நினைவாற்றலாலும் வெல்லலாம், பயிற்சி வகுப்புகள் அதற்கே இருக்கின்றன. ஆவண வினாவையும் அந்த வகுப்புகள் வாய்பாடாக்கிவிட்டன என்பதுதான் கவலை: முதல் பத்தியில் இரண்டு வாக்கியப் பின்னணி, கடைசியில் வாதவரி, எளிதான நான்கு ஆவணங்களை அடையாளம் காண ஒரு குறுக்குவழி. விதி தளர்ந்தால் வாய்பாடும் சுருங்கும். பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கால்குலஸையும் வேதியியலையும் எடுத்த பிள்ளைக்கு ஐரோப்பிய வரலாறு எதற்கு என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. எதிரெதிராகப் பேசும் ஐந்து பேரின் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்து, அதை எழுத்தில் நிறுவும் பழக்கம் அந்த இரண்டு பாடங்களிலும் கிடைக்காது.

எல்லாத் தரப்பையும் கேட்பதை, எதிரிகளாக இருந்தவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 2003இல், பிரான்ஸும் ஜெர்மனியும் செய்துகொண்ட எலிசே நட்பு உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டையொட்டிப் பெர்லினில் கூடிய பிரெஞ்சு-ஜெர்மானிய இளையோர் மன்றம், இரு நாட்டு மேல்நிலை மாணவர்களுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் அது மூன்று தொகுதிகளாக இரு மொழிகளிலும் வெளிவந்தது. பிரான்ஸில் ஒரே பாடத்திட்டம், ஜெர்மனியில் பதினாறு மாநிலங்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் என்பதால் வகுப்பறைகளில் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆனாலும் முதல் உலகப் போரில் வெர்டனில் எதிரெதிர் அகழிகளில் கிடந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் ஒரே நூலை வைத்துப் படிக்க முடிந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் மாணவர்கள் என்பதைத் தேர்வு வாரியங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பதினேழு வயதினருக்கு எல்லாத் தரப்பையும் கேட்கும் பொறுமை இருக்காது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது பெரியவர்களின் பிழை.

2023இல் மாற்றிய விதியை மறுபடி மாற்ற காலேஜ் போர்டுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்கவும் வேண்டாம். வகுப்பில் தரும் பயிற்சி வினாக்களில் எந்த ஆவணத்தையும் விட இடமில்லை என்று இந்த ஆண்டே சொல்லிவிடலாம்.