கிணறுள்ள வளவில் ஒரு பட்டறை

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் வளவில் இன்று இயந்திரங்களுக்குக் குறைவில்லை. கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டார், கொட்டிலில் லான்ட்மாஸ்டர், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் கருவி, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். வெளிநாட்டுக் காசும் லீசிங்கும் வங்கிக் கடனும் இவற்றைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அதே வளவில் ஒரு நட்டைப் பழுதாக்காமல் கழற்ற ஸ்பனர் கேட்டால், பிடி கழன்ற குறடொன்றுதான் வரும். இலட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குகிறவர்கள் அதைப் பேணச் சில ஆயிரம் ரூபா செலவழிக்கத் தயங்குகிறார்கள். இங்கே ஒரு வீட்டுப் பட்டறை பொழுதுபோக்கல்ல. கிணற்றுக்கு அடுத்தபடியாக வளவில் இருக்கவேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டன. சில துளி பெட்ரோலில் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம்போலச் சிலாகிக்கும் பேச்சு எனக்கு உவப்பில்லை. கரி படிந்த வால்வும் வீடெங்கும் மண்ணெண்ணெய்ப் புகையுமாக வாழ்வது கெட்டித்தனத்தின் அடையாளமல்ல, திணிக்கப்பட்ட வறுமை. ஆயினும் அந்த வறுமையில் நம்மைக் காத்தது கடையில் வாங்கிய பொருளல்ல, பொருளைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த கை. தடை நீங்கியதும் அந்தக் கையை நாம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியபோது, காற்றிழுக்கும் உறிஞ்சுகுழாயும் சீர் செய்யாத காபரேற்றரும் எவ்வளவு எரிபொருளை விழுங்குகின்றன என்பது தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் உறைத்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை திறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் பழையதைப் பேணியே ஓடினோம். இனியொரு நெருக்கடி வராதென்று எவரும் உத்தரவாதம் தரமுடியாது.

‘சந்திக்குச் சந்தி கராச் இருக்கிறதே, பாஸ்மாரின் பிழைப்பைக் கெடுக்கவா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மோட்டாரை ரீவைண்டிங் செய்வது, கிராங்க் கடைவது எல்லாம் பாஸின் வேலை. அதை வளவில் செய்ய முயல்வது வீண். ஆனால் வெங்காயப் பாத்திக்குச் சில நாட்களுக்கொருமுறை இறைப்பு வேண்டும். செம்மண் நீரைப் பிடித்து வைக்காது, பாஸ் வரும்வரை பயிரும் காத்திருக்காது. இறைப்பு நிற்கும் நாட்களில் பெரும்பாலும் பழுதாவது சிறு பொருள்தான்: ஃபுட் வால்வில் சிக்கிய கல், தேய்ந்த வாசர், தளர்ந்த பெல்ட், கரிபிடித்த பிளக். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பல வேளைகளில் கண்டென்சர் போயிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, கண்டென்சரில் தேங்கிய மின்னையும் வெளியேற்றிய பிறகே அதைத் தொடவேண்டும் என்று தெரிந்தவருக்கு மாற்றுவது சிறு வேலை. புதிய இயந்திரங்களெல்லாம் மின்னணு மயம், நம்மால் ஆகாது என்பாரும் உண்டு. மின்னணுத் தட்டை அவர்கள் தொடவேண்டாம். தண்ணீரும் தூசியும் உராய்வும் கெடுக்கும் பாகங்கள் இன்னும் பழைய மாதிரியே இருக்கின்றன.

எதை வாங்குவது? நம்மவர் முதலில் வெல்டிங் இயந்திரத்தையும் கிரைண்டரையும் வாங்குகிறார்கள். தீப்பொறி பறந்தால்தான் பட்டறை என்ற எண்ணம். முதலில் வேண்டியது அசையாத மேசையும் அதில் இறுக்கிய ஒரு வைசும். பழைய வீடு இடிக்கும்போது கழிக்கிற பனந்தீராந்தியே அந்த மேசைக்குப் போதும். 8 முதல் 19 மில்லிமீற்றர் வரையான ரிங் ஸ்பனர்கள், இரும்பறுக்கும் வாள், இரண்டு அரம், சுத்தியல், மல்டிமீற்றர், கிறீஸ் கன். மற்றவை தேவை வரும்போது வரட்டும். வெல்டிங் வருமானால் பனையோலை வேலிக்கும் கிடுகுக் கூரைக்கும் எட்ட வைக்கவேண்டும். வளவுக்குள் இழுக்கும் மின்னிணைப்புக்கு ஏர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் கட்டாயம். கோடையில் மண் காயும்போது ஏர்த் கம்பியின் பிடி குறையும் என்பதையும் மறக்கக்கூடாது.

வாங்குவதைவிடப் பேணுவதுதான் இங்கே கடினம். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை, உப்புக்காற்று எல்லா இரும்பையும் தேடிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரையின் அடிப்புறம் வியர்த்துச் சொட்ட, ஒரே பருவத்தில் அரத்தின் பல் துருவேறிப்போகும். ஓட்டுக் கூரை, மூடியுள்ள மரப்பெட்டி, வேலை முடிந்ததும் எண்ணெய்த்துணியால் ஒரு துடைப்பு: இந்த மூன்றும் இருந்தால் கருவிகள் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பசையாகித் தூசியை ஒட்டவைக்கும் என்பதால் மெல்லிய இயந்திர எண்ணெயே நல்லது. அதைவிடப் பெரிய விடயம் கழிவெண்ணெய். இங்கே வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அந்தக் கல் வெடிப்பும் குகையுமானது. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்தின் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2019இல் இழப்பீட்டு உத்தரவோடு முடிந்தது. அது மின்நிலையத்தின் கதைதானே என்று ஒதுக்கிவிட்டு, லான்ட்மாஸ்டரின் பழைய எண்ணெயைத் தென்னை அடியில் ஊற்றுகிறவர் தன் கிணற்றிலேயே ஊற்றுகிறார். சீமெந்துத் தரையும் மூடியுள்ள ஒரு தகரமும் இல்லாத இடத்தில் பட்டறை வைக்காமலிருப்பதே மேல். என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மிக வலுவான ஆட்சேபம் இது. வீட்டுக்கு வீடு பட்டறை என்றால் வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கழிவும் வரும். எனவே பிரதேச சபைகள் அதைச் சேகரிக்க ஒழுங்கு செய்யாமல் இந்த யோசனை முழுமையாகாது.

வெளியே சொல்லாத தடை இன்னொன்று உண்டு. இரும்பும் மரமும் கொல்லர், தச்சர் என்று சாதியோடு கட்டப்பட்ட வேலைகளாக இருந்தன. கையில் கிறீஸ் படுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் படித்த வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் வந்தது. சான்றிதழ் பெருகியது, கருவியைத் தொடும் கூச்சம் முற்றாகப் போகவில்லை. இளைஞர்தான் வெளிநாடு போகிறார்களே, யாருக்குப் பட்டறை என்ற கேள்விக்கும் பதில் உண்டு. எஞ்சியிருப்போரில் போருக்குப்பின் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். வாழ்வாதார உதவியாக அவர்களுக்கு மோட்டார் கொடுக்கும் திட்டங்கள் அதன் விலையில் பத்திலொரு பங்கைக் கருவிப்பெட்டிக்கு ஒதுக்கலாம். ஃபுட் வால்வைக் கழற்றிப் பூட்டப் பழக்கிவிட ஒரு முற்பகல் போதும்.