கடற்காற்றின் மீது சுமத்தப்படும் பழி

இலங்கையின் கரையோர நகரங்களில், எழுப்பி இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து, கம்பி வெளித்தெரிந்து, செந்நிறக் கறை படிந்து நிற்கும் கட்டடங்கள் பல. காரணம் வினவப்படும்போது, "கடற்காற்று அரித்துவிட்டது" என ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. ஒப்பந்தகாரரும் மேற்பார்வையாளரும் பொறியியலாளரும் இத்தீர்ப்பில் ஒன்றுபடுகின்றனர். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட காற்று வாய்திறந்து மறுக்காது என்பதே இவ்வொற்றுமையின் இரகசியமாகும்.

வலுவூட்டிய கொங்கிறீற்று தன்னுள் இருக்கும் உருக்கைக் காக்கும் ஆற்றலை இயல்பாகவே உடையது. சீமெந்தின் நீரேற்றத்தாற் பிறக்கும் வன்காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படையொன்றைத் தோற்றுவித்துத் துருவைத் தடுக்கின்றது. வளியின் காபனீரொட்சைட்டு உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைப்பினும், உப்பின் குளோரைட்டு கம்பியை அடையினும் அப்படை அழிகின்றது. பின்னர் தோன்றும் துரு, தான் உண்ட உருக்கிலும் பன்மடங்கு கனவளவு கொள்வதால், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கின்றது. ஆகவே, காற்றில் உப்பு உண்டா என்பதன்று வினா. அது கம்பியை அடைய எத்தனை ஆண்டு செல்லும் என்பதே வினா. அதற்கு விடை எழுதப்படுவது கடற்கரையிலன்று, கட்டுமானத் தலத்திலாகும்.

கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்பை நோக்குக. காபனீரொட்சைட்டு ஊடுருவும் ஆழம் ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது. 40 மி.மீ. இருக்கவேண்டிய தடிப்பு 20 மி.மீ. ஆகக் குறையின், பாதுகாப்புக் காலம் பாதியாவதில்லை, காற்பங்காகின்றது. அறுபது ஆண்டு பதினைந்தாகச் சுருங்குகின்றது. இதற்குக் காரணம், கம்பியின் கீழ் வைக்கத் தவறிய சில சிறு சீமெந்துக் கட்டைகளே. கலவை இலகுவாக ஓடவேண்டுமென அளவின்றி ஊற்றும் நீர், ஆவியானபின் நுண்துளைகளை விட்டுச் செல்கின்றது. இறுக்கம் போதாமையால் நூற்றுக்கு ஐந்து வீதம் வெற்றிடம் எஞ்சின், வலிமையில் ஏறத்தாழ முப்பது வீதம் அழிகின்றது. ஏழு நாளேனும் ஈரமாக வைத்திருக்க வேண்டிய மேற்பரப்பு, முதல் நாள் மாலையே வெயிலில் வரண்டு போகின்றது.

"மாதிரிகள் பரிசோதனையில் தேறினவே" என்பர் சிலர். சதுரமுகி அச்சிற் கவனமாக இறுக்கி, நீரில் அமிழ்த்தி, 28 நாள் பேணப்பட்ட குற்றி தேறுவதில் வியப்பில்லை. தேறியது குற்றியேயன்றித் தூணன்று. அக்குற்றியைப் பேணியவாறு தூணைப் பேணியவர் எவர்?

சட்டம் இயற்றினால் போதும் என்போர் துருக்கியை நோக்குவாராக. 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள் இஸ்மித் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 17,000 பேருக்கு மேல் மாண்டனர். நிலநடுக்கத்தைக் கருத்திற்கொண்ட கட்டட விதிகள் அந்நாட்டில் முன்னரே இருந்தன. ஆயினும், உப்பு நீங்காத கடல்மணல் கலந்த கொங்கிறீற்றும் போதிய வளையக் கம்பியற்ற தூண்களும் இடிபாடுகளிடையே காணப்பட்டன. விதி தாளில் இருந்தது, தூணில் இல்லை. ஆற்றுமணலுக்குப் பதிலாகக் கடல்மணல் பயன்படுத்தப்படும் இலங்கைக்கு இது அயல்நாட்டுக் கதையன்று.

வறிய நாட்டுக்கு இத்துணைக் கவனம் கட்டுப்படியாகாது என்பது இறுதி வாதம். கட்டையும் நீரும் கண்காணிப்பும் பெருஞ்செலவானவையல்ல. பெயர்ந்த தளத்தைச் செப்பனிடுவதே பெருஞ்செலவு. ஒரே கட்டடத்தை இருமுறை கட்டும் வசதி வறியவனுக்கு ஏது? மிகக் குறைந்த கேள்வித்தொகையைத் தெரிவுசெய்துவிட்டு, அத்தொகையில் எது விடுபட்டது என வினவாத நிருவாகமே உண்மையில் ஊதாரித்தனமானது.

பல்கலைக்கழகங்களும் இப்பொறுப்பினின்று நீங்கமுடியாது. கம்பியின் விட்டத்தைத் தாளிற் கணிக்கக் கற்ற பட்டதாரி, அக்கம்பி கிடக்கும் இடத்தைத் தலத்தில் அளந்து பார்ப்பதை மேசனின் வேலையென ஒதுக்குவானாயின், அவன் கணித்த கட்டடம் ஒருபோதும் கட்டப்படுவதில்லை, வேறொன்றே கட்டப்படுகின்றது. கொங்கிறீற்று இடுமுன் தடிப்பை அளந்து பதிவு செய்தலும், அப்பதிவில் ஒப்பமிட்டவர் பெயர் கட்டடம் நிலைக்கும் காலமெல்லாம் பேணப்படுதலும் கட்டாயமாதல் வேண்டும். அன்று கடற்காற்றின் மீதான வழக்கு தானாகவே தள்ளுபடியாகும்.