ரூஜ் ரிவரில் வாக்குப் பிரிந்ததா?

"ரெண்டு தமிழர் கேட்டவை, வாக்குப் பிரிஞ்சுது, கொரியாக்காரர் வெண்டிட்டார், அவ்வளவுதான் அண்ணை." 2016 செப்டெம்பர் 1 இடைத்தேர்தலைப் பற்றி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

ஸ்காபரோ–ரூஜ் ரிவர், ஒன்ராறியோ சட்டமன்றத் தொகுதியாக 1999இல் வந்தது. மைக் ஹாரிஸ் அரசு 130 ஆசனங்களை 103 ஆக வெட்டி, மாகாணத் தொகுதிகளை மத்திய தொகுதிகளின் எல்லையோடு பொருத்தியபோது பிறந்தது. பிறந்த நாளிலிருந்து லிபரல் வீடு. முதலில் அல்வின் கேர்லிங்: ஜமெய்க்காவில் பிறந்தவர், ஒன்ராறியோவின் முதல் கறுப்பின அமைச்சர், 2003இல் சபாநாயகர். 2005இல் அவர் டொமினிக்கன் குடியரசுக்குத் தூதுவராகப் போக, இடைத்தேர்தலில் பாஸ் பால்கிசூன் வந்தார். ட்ரினிடாட்காரர். கட்சி மேடையைவிட ரொறன்ரோ நகரசபை வேலையால் அறியப்பட்டவர். இதை நினைவில் வையுங்கள்.

2011 வேடிக்கையான வருடம். மே மாதம் இதே பெயருள்ள மத்திய தொகுதி, புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசனை ஒட்டாவாவுக்கு அனுப்பியது. கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர். அதே கட்சியில் நீதன் சண் ஒக்டோபரில் மாகாணத்துக்குக் கேட்டார், பால்கிசூனிடம் தோற்றார். அன்று எதிரே இன்னொரு கட்சியின் தமிழர் வெட்டிக்கொண்டு போனார் என்று யாரும் சொல்லவில்லை. 2014இலும் நீதன் இரண்டாம் இடம். மூன்றாம் இடம் அந்தக் கொரியாக்காரர் ரேமண்ட் சோ, பழமைவாதக் கட்சி.

2016 மார்ச்சில் பால்கிசூன் திடீரென விலகினார். லிபரல் சார்பில் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சியில் மீண்டும் நீதன், பழமைவாதக் கட்சியில் சோ. அந்தக் கோடையில் மால்வேர்ன் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் லிபரலின் சிவப்புப் பதாகையும் புதிய ஜனநாயகக் கட்சியின் செம்மஞ்சள் பதாகையும் அருகருகே நின்றன. தகப்பன் ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. புல் வெட்டும்போது இரண்டையும் பிடுங்கித் திரும்பக் குத்துவது தாய்.

முடிவு வந்தபோது இரு தமிழரின் வாக்கையும் கூட்டினால் பாதிக்கு மேல். உடனே "பிரிஞ்சுது" என்றார்கள். ஆனால் லிபரலுக்கு விழுந்ததெல்லாம் தமிழ் வாக்கா? இந்தத் தொகுதியில் தமிழர் கணிசம், பெரும்பான்மை அல்ல. சீனர், கறுப்பினத்தவர், பிலிப்பீனோக்கள், மற்றத் தெற்காசியர் என்று எத்தனை பேர்! கட்சிக்காகப் போட்டவரையும் எங்கள் பக்கம் எழுதிக்கொள்வது நல்ல கணக்கல்ல.

பழமைவாதிகளுக்கு அந்த வாரம் நல்ல வாரமும் அல்ல. பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று தலைவர் பற்றிக் பிரவுன் பெயரில் ஒரு கடிதம் வீடு வீடாகப் போனது. வாக்களிப்புக்குச் சில நாளே இருக்க, அது தவறு என்று அவரே பின்வாங்கினார். கடிதத்துக்காக வாக்களித்தவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் சோ வென்றார். அப்போது அவருக்கு 79 வயது. 1988இல் புதிய ஜனநாயகக் கட்சி, 2004இல் சுயேச்சை, பிறகு பழமைவாதக் கட்சி என்று இதே மண்ணில் நிறம் மாறி மாறித் தோற்றவர். மாறாதது ஒன்றுதான்: 1991இலிருந்து நகரசபையில் இருந்தார். குப்பை, மரம், நடைபாதை என்று முறையிடப் போன வீடுகளில் கட்சியை யார் பார்த்தார்கள்? பால்கிசூனுக்குக் கை கொடுத்ததும் இதே பாதைதான்.

2018இல் தொகுதியே இல்லாமல் போனது. ஒரு துண்டு ஸ்காபரோ வடக்கு, அங்கே சோ. இன்னொன்று ஸ்காபரோ–ரூஜ் பார்க். அங்கே ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் பழமைவாதக் கட்சியின் தமிழர் விஜய் தணிகாசலம்.

"பிரிஞ்சுது" என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்: சோ விட்டுப்போன நகரசபை ஆசனத்துக்கு 2017 பெப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் 29 பேர். வென்றவர், ஐந்து மாதம் முன்பு மூன்றாவதாக வந்த நீதன் சண்.