விளைச்சலா, புதையலா?



அண்மையில் ஒரு வலீமா விருந்தில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்திருந்த எங்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்குப் பெருமை தேடித் தந்த இரு இளம் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது. ஒருவர் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பினார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. மற்றவர் குகேஷ். டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, 18ஆம் வயதில் உலகச் சதுரங்க வாகை சூடினார். அவருக்குக் கிடைத்த பரிசு 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஏறத்தாழ 11 கோடி ரூபாய்.

"அதில் கோடிக்கணக்கில் வரிக்கே போய்விடுமாம்! சிறு வயதிலிருந்து பாடுபட்டது பிள்ளை. பங்கு கேட்பது அரசாங்கமா?" என்று மனம் வருந்தினார் ஒரு பெரியவர்.

"சுபுஹு தொழுதுவிட்டுக் கடையைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்துகிறேன், காக்கா. என் பாட்டுக்கு யார் வரியைத் தள்ளிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார் அருகிலிருந்த வணிகர்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. விளையாட்டு வீரர் வென்ற பரிசுக்கு வருமான வரி செலுத்தத்தான் வேண்டுமா?

முதலில் வணிகரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அன்றாடங்காய்ச்சியான கூலித் தொழிலாளியும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறார். வீரர் ஓடிப் பழகும் மைதானமும், பயிற்சியாளர் பலர் பெறும் ஊதியமும் அந்தப் பொதுப் பணத்திலிருந்தே வருகின்றன. அவ்வாறிருக்க, கோடிகளைப் பெறுபவர் புகழ் பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் முற்றிலும் விலக்குப் பெறுவது நீதியாகாது. எனவே வரி செலுத்தத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த அளவுகோலால் அளந்து செலுத்துவது என்பதில்தான் பெரியவரின் வருத்தத்திற்கு இடமிருக்கிறது.

இங்கே நம் மார்க்கம் ஓர் அழகிய அளவுகோலைத் தருகிறது. வருமான வரி வேறு, ஜகாத் வேறு. ஒன்றைச் செலுத்தினால் மற்றது நீங்கிவிடாது. ஆயினும் ஜகாத்தின் சட்டங்களில் பொதிந்துள்ள நீதியுணர்வு எல்லாக் காலத்திற்கும் பாடமாகும். மழையாலும் ஊற்றாலும் தானே விளையும் பயிரில் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்து வளர்த்த பயிரில் இருபதில் ஒரு பங்கு. மண்ணில் கிடைத்த பழம் புதையலிலோ ஐந்தில் ஒரு பங்கு. இவ்வாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். உழைப்புக் கூடக் கூடக் கடமையின் அளவு குறைகிறது. உழைப்பே இல்லாமல் கிடைத்ததில் அது மிகுகிறது. உழைத்தார் என்பதற்காகச் செலுத்தவே வேண்டாம் என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. எவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதும் மறக்கப்படவில்லை.

வீரரின் பரிசு இவற்றுள் எதைப் போன்றது? அது புதையல் அன்று. ஒரே நாளில் கைக்கு வருவதால் புதையலைப் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது பல்லாண்டு நீர் இறைத்த வயலின் அறுவடை.

நம் நாட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு அறிந்தே இருக்கிறது. லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகியவற்றில் வென்ற பணத்திற்கு எந்தச் செலவையும் கழிக்க இடந்தராமல் 30 சதவீத வரி விதிக்கிறது. இவை மார்க்கம் தடுத்த சூதாட்டங்கள் என்பதை நாம் அறிவோம். திறமையால் வெல்லும் பரிசை அவற்றோடு சேர்த்து எண்ணுவது தவறு. அரசு வழங்கும் விருதுத் தொகைக்கு, மத்திய அரசின் ஒப்புதல் இருந்தால், முழு விலக்கு உண்டு. தொழில்முறை வீரரோ தம் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் கழித்துக்கொண்டு, எஞ்சியதற்கு வரி கட்டலாம்.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. வரிக் கணக்கு ஓராண்டுக் கணக்கு. வீரரின் உழைப்போ பத்தாண்டு உழைப்பு. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பத் தாய் அடகு வைத்த வளையலும், தந்தை வாங்கிய கைமாற்றும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அறுவடை ஆண்டில் மட்டும் அதிகாரி வந்து களத்தில் நிற்கிறார்.

இக்குறை முற்றினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் வாழ்க்கை சான்று. 1937 முதல் 1949 வரை உலக வாகையராகத் திகழ்ந்தவர் அவர். வறுமையில் தம் குடும்பம் பெற்ற அரசு உதவித் தொகையை, பொருள் வந்தபின் டெட்ராய்ட் நகருக்குத் திருப்பிச் செலுத்திய பண்பாளர். 1942இல் இரண்டு போட்டிகளில் தமக்குக் கிடைத்த தொகையைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். வரித் துறையோ, கொடுத்துவிட்ட அப்பணத்தையும் அவருடைய வருமானமாகவே கணக்கிட்டது. வரவு செலவைப் பிறர் கையில் விட்டிருந்ததும், கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கியதும், கைகூடாத வணிகங்களும் சேர்ந்துகொண்டன. உயர்ந்த வருமானத்திற்கு அமெரிக்காவில் 90 சதவீதத்திற்கும் மேல் வரி இருந்த காலம் அது. பழைய பாக்கியைத் தீர்க்கப் புதிதாகச் சண்டையிட்டால், புதிய வருமானத்திற்கு மீண்டும் வரி. வட்டியோடு கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

ஓய்வு பெற்றிருந்தவர் கடனுக்காக மீண்டும் மேடையேறினார். 1951இல், 37ஆம் வயதில், ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். 1953இல் அவருடைய தாயார் இறந்தபோது விட்டுச்சென்ற 667 டாலரையும் வரித் துறை எடுத்துக்கொண்டது. உலகை வென்றவர் பின்னர் வேடிக்கை மல்யுத்தத்தில் இறங்கிப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1981இல் அவர் காலமானபோது அரசு மரியாதையுடன் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். உயிரோடிருந்த நாளில் காட்டாத பரிவைக் கல்லறையில் காட்டி என்ன பயன்?

அதே அமெரிக்கா 2016இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒலிம்பிக் பதக்கத்திற்கும், அந்நாட்டு ஒலிம்பிக் குழு அதற்காக வழங்கும் பரிசுத் தொகைக்கும் வரிவிலக்கு அளித்தது. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் வீரருக்கு மட்டும் இச்சலுகை கிடையாது. எளியவருக்கு விலக்கு, செல்வருக்குக் கடமை என்ற நியாயமான பிரிவினை அது. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு வீரர், எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் வருமானம் ஓராண்டில் திடீரென உயர்ந்தால், முந்தைய ஆண்டுகளின் சராசரியையும் கருத்திற்கொண்டே வரியைக் கணக்கிடுகிறார்கள். வரியை ஒழிக்காமலேயே அநீதியைக் குறைக்க இவ்வாறு வழிகள் உண்டு. இவற்றை நம் நாட்டிலும் கேட்டுப் பெறலாம்.

சட்டம் திருந்தும்வரை நம் இல்லங்களில் செய்யத்தக்கவை சில. பிள்ளை ஒரு விளையாட்டில் முன்னேறத் தொடங்கிய நாளிலிருந்தே பயணச்சீட்டு, பயிற்சிக் கட்டணம், உபகரணம் என ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பரிசுப் பணம் வந்தால், வீடு கட்டும் திட்டத்திற்கும் உறவினர் விருந்திற்கும் முன்பாக, நல்ல கணக்கரைக் கலந்து வரிக்குரிய தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். எஞ்சியது நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத்தையும் மறவாதீர்கள். அள்ளிக் கொடுக்கும் மனம் உயர்ந்ததுதான். ஆனால் கணக்கில்லாத ஈகை ஜோ லூயிஸைக் காக்கவில்லை.

இன்னொரு கடமை ஊராருக்கு உரியது. அறுவடை நாளில் பொன்னாடை போர்த்த ஜமாஅத்துகளும் சங்கங்களும் வரிசையில் நிற்கின்றன. நீர் இறைத்த நாட்களில் அந்தப் பிள்ளைக்கு ஒரு ரயில் கட்டணம் கொடுத்தவர் எத்தனை பேர்? பங்கு கேட்கும் அரசைக் குறை சொன்ன பெரியவரிடம் நான் அன்று சொல்லத் தவறியது இதுதான். அவருடைய தெருவிலேயே ஓட்டப் பயிற்சிக்கு நல்ல காலணியின்றி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு வரிவிலக்கு இன்று தேவையில்லை. ஒரு ஜோடிக் காலணி தேவை.

உழைப்பவரின் உழைப்பில் பரக்கத்தையும், ஆள்வோர் உள்ளத்தில் நீதியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.